எண்ணாமல் விட்ட மூன்றாவது ஆள்

இருபத்தேழு வருஷம் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்ட நான் ஒருமுறை இயேசுநாதரை எண்ணாமல் விட்டிருக்கிறேன். ஆள் யாரென்று தெரியாமல் ‘பயணி’ என்று எழுதியிருந்தால்கூட அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். படத்தில் மூன்று பேர் நடந்து போகிறார்கள். நான் ‘பயணிகள் இருவர்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டு, படத்தின் சொந்தக்காரர்கள் போட்ட மீன்குழம்புச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தேன்.

நூலகங்களின் படப்பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து என்னிடம் நேரம் நிறைய இருக்கிறது. முதலில் சாதனைகளை எழுதலாமென்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. தவறுகளென்று எடுத்தால் வாழ்நாள் போதாது. அதனால் இருப்பதில் தரமான ஒன்றைப் பொறுக்கி எழுதுகிறேன். ஸ்கேனர், கோப்புக்குப் பெயர் வைப்பது, பூஞ்சை துடைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது.

நடந்து ஆறேழு வருஷம் இருக்கும். கடலூர் பழைய டவுனில் ஒரு சின்ன கிறிஸ்தவ சபை. அந்த ஆலயத்தை ஒட்டிய அறையின் கூரை ஒரு புயலில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதி ஒழுகியது. ஒழுகாத பக்கம் ஒரு மரப் பீரோ, அதற்குள் ஒரு தோல் அட்டை ஆல்பம். ஒல்லாந்து என்கிற ஹாலந்து தேசத்தில் செப்புத்தகட்டில் கீறி அச்சடித்த முப்பத்தொரு படங்கள் அதில் ஒட்டியிருந்தன. இங்கே துணி வாங்க வந்த டச்சுக்காரர்களில் யாரோ விட்டுப்போனதாக இருக்கலாம். சபையில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், ஒவ்வொரு கதையிலும் சொன்னவரின் தாத்தா இருந்தார். படத்துக்குக் கீழே விவரம் அச்சடித்திருக்கும் ஓரத்தை, ஆல்பத்துக்குள் அடங்கவேண்டுமென்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் நறுக்கி எடுத்துவிட்டிருந்தார். ஆகவே எந்தப் படம் என்ன என்று படமே சொன்னால்தான் உண்டு.

புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் வியாபாரி. இந்த மாதிரி ஆல்பங்களைப் பிரித்து, ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் போட்டு ஓட்டல்களுக்குக் கொடுப்பவர். அவர் வந்து கேட்டார். சபைக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: வேதாகமப் படங்கள் சபையை விட்டுப் போகக் கூடாது, மற்றதைக் கொடுத்துவிட்டுக் கூரையைப் போட்டுக்கொள்ளலாம். கமிட்டியின் செயலாளர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், எனக்கு ஒன்றிரண்டு வயது இளையவராக இருப்பார். ஆல்பத்தில் கத்தியே படக்கூடாது என்று தனியாளாக நின்று பேசித் தோற்றவர் அவர். தோற்றபிறகு, எது வேதாகமம், எது இல்லை என்று பிரிக்கிற வேலையையாவது விவரம் தெரிந்த ஓர் ஆளை வைத்துச் செய்யுங்கள் என்று கேட்டு வாங்கினார். யாரிடமோ விசாரித்து, விவரம் தெரிந்த ஆள் என்று என்னைப் பிடித்தார். மனிதர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை போனேன். காலை இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முப்பத்தொரு படத்தையும் வகை பிரித்து முடித்தேன். ஒன்பது வேதாகமம், இருபத்திரண்டு வெறும் இயற்கைக் காட்சி.

அந்த வேகம் எப்படி வந்ததென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கும் வரும். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. படத்தில் எது பெரிதாக இருக்கிறதோ அதுதான் தலைப்பு. முக்கால் படத்துக்கு மரம் நின்றால் ‘மரம்’. அதன் கீழே நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது இரண்டாம் வரி. சண்டை சச்சரவில்லாத ஏற்பாடு. இதோடு என் சொந்த மூலதனமும் ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த இயேசு காலண்டர் இயேசு. தலையைச் சுற்றி வெளிச்சம், வெள்ளை அங்கி, நேராக நம்மைப் பார்க்கும் கண். அப்படி ஒருவர் படத்தின் நடுவில் நின்றால் வேதாகமம், நிற்காவிட்டால் ஹாலந்து. என் பட்டியலில் இப்படியெல்லாம் இருந்தது: ‘பெரிய மரம், தூரத்தில் காற்றாலை, பயணிகள் இருவர்.’ ‘அறுவடை, பெண்கள்.’ ‘சத்திரம், குதிரை.’ ‘படகுத்துறை, கழுதை.’ ‘பன்றிப் பண்ணை.’

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு டீச்சர் சிதம்பரத்தில் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன். உட்காராமல், போனில் எடுத்திருந்த ஒரு படத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

“இதுல எத்தினி பேரு சார்?”

‘பெரிய மரம், தூரத்தில் காற்றாலை.’ என் கையெழுத்து எனக்கே ஞாபகம் இருந்தது. ரெண்டு பேர் என்றேன்.

“எண்ணுங்க.”

இரண்டு விரலால் படத்தை விரித்து எண்ணினேன். வெயில் படுகிற பக்கம் இரண்டு பேர். மரத்து நிழலுக்குள், கோட்டுக்கு மேல் கோடாகக் கீறிய இருட்டில், மூன்றாவதாக ஒருவர். இரண்டு பேரின் முகமும் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

டீச்சர் கதையைச் சொன்னார். சிலுவையில் இறந்தவர் உயிர்த்தெழுந்த அன்று, சீஷர்களில் இரண்டு பேர் எம்மாவு என்கிற ஊருக்கு நடந்து போகிறார்கள். வழியில் ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். பேசிக்கொண்டே கூடவே நடக்கிறார். அவர்தான் இயேசு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்கிறது. இந்தப் படத்திலும் நிழலெல்லாம் நீண்டுதான் கிடந்தது.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முத்திரை குத்திய கை சும்மா இருக்காது. கூட நடந்த சீஷர்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்கிறீர்கள், காட்டுமன்னார்கோயில்காரன் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அவுங்களுக்கு யாருன்னுதான் தெரியல சார். ஆளு இருக்கறது தெரிஞ்சிது.”

அதன்பிறகுதான் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். வியாபாரி வெள்ளிக்கிழமை காலை வருகிறார் என்றார். கமிட்டியில் திரும்பப் பேசிப் பார்த்தாராம். பொருளாளர், மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், என் பட்டியலை எடுத்துக் காட்டி ‘ஒங்க சாரே எழுதிக் குடுத்துட்டாரு, அப்புறம் என்னம்மா’ என்றிருக்கிறார். இன்னும் இரண்டு படங்கள்மேலும் டீச்சருக்குச் சந்தேகம். மற்றவை தெரியவில்லை.

“நான் வாய மூடிகினு இருந்திருந்தா மொத்தமா வித்திருப்பாங்க. அது அவுங்க பாவம்னு போயிருக்கும். சார் வந்து பாக்கட்டும், சார் சொன்னா சரியா இருக்கும்னு நாந்தான் சொன்னேன். இப்ப வெட்டுனா அது எங்கையால வெட்டுன மாதிரி.”

இந்த இடத்தில் கவனியுங்கள். நம் வேலையில் ஒரு குறிப்பைத் தப்பாக எழுதினால் அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அட்டையில் அடிக்கலாம். ஆனால் அட்டையை நம்பி ஒருவர் நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருப்பார், இன்னொருவர் பிளேடு வாங்கி வைத்திருப்பார். அந்த வாக்கும் அந்த பிளேடும் நம் மேஜைக்கு வருவதில்லை என்பதால் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

டீச்சர் போனபிறகு, பக்கத்து அறையில் பைண்டிங் வேலை பார்த்த நண்பனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷமாகப் புத்தகங்களின் முதுகை மட்டும் பார்த்து வாழ்ந்தவன். பசையில் இருந்த கையை எடுக்காமலே கேட்டான்: “ஏசுவ எண்ணாம வுட்டுட்டு, அவுங்க வூட்டு மீனையும் துன்னுட்டு வந்தியா மச்சான்?” திருத்தக் கடிதம் ஒன்றை முத்திரையோடு அனுப்பிவிடலாமா என்று யோசனை கேட்டேன். அதற்குத் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கவேண்டும், கடிதம் மேலே போய்க் கீழே வர ஒரு வாரம். போனில் சொல்லிவிடலாமா என்றேன். “தப்பா சொல்லறதுக்கு நேர்ல போன. சரியா சொல்லறதுக்கு போனா?” என்றான். எனக்கு வழிகாட்டிகள் என்று சிலர் இருந்தார்கள், மேடைகளில் அவர்களுடைய பெயரைச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் என் வேலையைத் திருத்தியது இந்த ஒரு கேள்விதான். அவன் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வான்.

வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பூதக்கண்ணாடியோடு கடலூர் போனேன். ஒழுகும் அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டீச்சரும் அவருடைய வேதாகமமும். காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை. சனிக்கிழமை நான் இரண்டரை மணி நேரத்தில் முடித்த அதே வேலை.

வழக்கத்தைத் தலைகீழாக்கினோம். பெரியதை விட்டுவிட்டுப் படத்தில் ஆகச் சின்ன ஆள் யாரென்று தேடினோம். அவன் என்ன செய்கிறான் என்று நான் சொல்வேன். அது எங்கே வருகிறதென்று டீச்சர் சொல்வார். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்து இருவரும் ஒத்துப் பார்ப்போம்.

‘பன்றிப் பண்ணை’ முதலில் விழுந்தது. பன்றிகளுக்கு நடுவில் தொட்டியருகில் ஒருவன் மண்டியிட்டிருந்தான். பண்ணையாள் என்று விட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் கிழிந்த சட்டையில் வரிசையாகப் பொத்தான், கையோரத்தில் சித்திர வேலை. பன்றி மேய்ப்பவனுக்கு இத்தனை பொத்தான் எதற்கு? அப்பாவிடம் பங்கைப் பிரித்து வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டுக் கடைசியில் பன்றித் தீனிக்கு ஏங்கிய பிள்ளை அவன். சத்திரத்து வாசலில் குதிரையிலிருந்து ஒருவனைக் கைத்தாங்கலாக இறக்குகிறார்கள். குடித்துவிட்டு விழுந்தவன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அடிபட்டுக் கிடந்தவனை நல்ல சமாரியன் கொண்டுவந்து சேர்க்கிறான். படகுத்துறையில் கழுதைமேல் ஒரு பெண், மடியில் துணிமூட்டை. மூட்டைக்குள் ஒரு சின்னக் கை. மரியாளும் குழந்தை இயேசுவும் எகிப்துக்குத் தப்பிப் போகிறார்கள், நான் கழுதையை மட்டும் பதிவு செய்திருக்கிறேன்.

அறுவடைப் படம்தான் என்னைச் சுட்டது. அறுக்கிறவர்களுக்குப் பின்னால் குனிந்து உதிர்ந்த கதிர் பொறுக்கும் பெண். நிலத்துக்காரர் ஒருவர் கங்காணியிடம் அவளைக் கைநீட்டிக் காட்டிக் கேட்கிறார். ரூத் என்றார் டீச்சர், பார்த்த உடனே; புருஷனை இழந்து, அந்நிய ஊரில் கதிர் பொறுக்கிப் பிழைத்தவளாம். நான் வீராணம் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவன். அறுப்பு நடக்கும்போது பின்னாலேயே கதிர் பொறுக்க வரும் பெண்களை வருஷாவருஷம் பார்த்து வளர்ந்தவன். அதனாலேயே அது எனக்குக் கதையாகப் படவில்லை. ஒல்லாந்துக்காரன் ரூத்தைத் தன் ஊர் வயலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். அவன் ஊரில் பார்த்தவர்கள் ‘அட, இது நம்ம ஊர் வயலாச்சே, இதற்குள்ளேயா ரூத்’ என்று நின்றிருப்பார்கள். நான் ‘நம்ம ஊர் வயல்’ என்கிற முதல் பாதியோடு எழுந்து போய்விட்டேன்.

கிறிஸ்தவக் கதை தெரியாததால் வந்த தவறென்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்ததால் வந்த தவறு. வயலும் சத்திரமும் படகுத்துறையும் எனக்கு ரொம்பத் தெரியும். தெரிந்த இடத்தில் யாரும் ஆளை எண்ணிப் பார்ப்பதில்லை.

மத்தியானத்துக்கு மேல் எனக்கு எதிர்ப்பக்கமாகப் பேய் பிடித்தது. பத்துப் பன்னிரண்டு கண்டுபிடித்த தைரியத்தில் எந்தக் கழுதையைப் பார்த்தாலும் மரியாள் என்றேன், எந்தக் கிழவரைப் பார்த்தாலும் ஆபிரகாம் என்றேன். கூடையோடு கழுதையை ஓட்டிப் போகும் ஒருவனைப் பற்றி ஐந்து நிமிஷம் விளக்கம் கொடுத்தேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“இவன் சந்தைக்குப் போறான் சார். மூஞ்சியப் பாருங்க. இன்னிக்கி என்ன வெல போவுமோன்னு போறான்.”

சாயங்காலம் ஆனபோது இருபத்திரண்டில் பதினாறு தேறியது. ஆறு மிஞ்சியது. சந்தைக்காரன், பனிக்கட்டிமேல் சறுக்கி விளையாடும் பிள்ளைகள், ஒரு மணல்மேடு, இரண்டு ஆறு, வேலிக்குள் படுத்திருக்கும் மாடுகள். திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அவற்றில் வேதாகமத்து ஆள் யாரும் அகப்படவில்லை.

டீச்சர் வேதாகமத்தை மூடி, அதன்மேல் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “அந்த ஆறையும் சேத்து எழுதிடுங்களேன் சார். யாரு கேக்கப் போறா?”

நியாயமான கேள்வி. யாரும் கேட்கமாட்டார்கள். கையில் வேதாகமம் இருக்கிறது, பேசத் தெரிந்த வாய் இருக்கிறது. மணல்மேட்டை வனாந்தரம் என்று சொல்லலாம், ஆற்றை யோர்தான் என்று சொல்லலாம். ஆல்பம் முழுசாக நிற்கும். காலையில் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் இந்த முறை தூக்கம் வரவில்லை. பொய் சொல்லக்கூடாது என்கிற உயர்ந்த எண்ணமெல்லாம் என்னைத் தடுக்கவில்லை, தடுத்தது பயம். சனிக்கிழமை இருபத்திரண்டும் இல்லை என்று சொன்னவன் வெள்ளிக்கிழமை இருபத்திரண்டும் உண்டு என்றால், கேட்கிறவனுக்கு எந்த நாளை நம்பத் தோன்றும்? ஆறில் ஒன்றை ஓவர்சியர் நோண்டிப் பிடித்தால் பதினாறும் சேர்ந்து போகும். ஆறைக் காப்பாற்றப் போய் ரூத்தையும் அந்தப் பிள்ளையையும் பிளேடுக்குக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த அறையில் எட்டுப் பேர். கமிட்டியில் ஓவர்சியரும் இன்னும் மூவரும், டீச்சர், நான். புதுச்சேரி வியாபாரி வெள்ளைச் சட்டையில், இரும்பு ஸ்கேலும் பிளேடும் அடங்கிய ஒரு துணிப்பையோடு. அந்த வாரம்தான் சபைக்குப் போதகராக மாற்றலாகி வந்திருந்த ஆயர் ஒரு மூலையில். ஆல்பத்தை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கமிட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட புது ஆயர் எப்படி உட்காருவாரோ அப்படி, யாருக்கும் சம்மதமில்லாமலும் மறுப்பில்லாமலும் ஒரு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் பட்டியல் தவறு, திருத்த வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஓவர்சியர் என்னைப் பேசவிடவில்லை. மீட்டரில் கை வைத்தவனைப் பல பேரைப் பிடித்த மனிதர். ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, நடுவில் எங்கோ திறந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். மாட்டுப் படம்.

“இதுல யாரு சார் இருக்காங்க?”

டீச்சர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும் என்பதுபோலப் பார்த்தார். பெத்லகேம் தொழுவத்து மாடு என்று சொன்னால் அந்த அறையில் மறுக்க ஆளில்லை.

“மாடு” என்றேன்.

“மாடு மட்டுமா?”

“மாடு மட்டும்தான்.”

டீச்சர் தரையைப் பார்த்தார். வியாபாரி பையின் வாரைத் தளர்த்தினார். நான் அவசரமாக மிச்சத்தையும் சொன்னேன்: இந்த மாதிரி ஆறு படம், அவற்றில் ஒன்றுமில்லை, கமிட்டி விருப்பம். மற்ற பதினாறும் வேதாகமம், ஒவ்வொன்றுக்கும் வேதாகமத்தில் எந்த அதிகாரம் என்று காட்டுகிறேன்.

ஓவர்சியர் ஆல்பத்தை இறக்கினார். “போன சனிக்கெழம ஒண்ணுமில்லன்னீங்க. இன்னிக்கி பதினாறுன்றீங்க. அடுத்த சனிக்கெழம வரைக்கும் பொறுத்தா மீதியும் வந்து சேந்துடுமா சார்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் மரப் படத்தைத் திறந்து மேஜைமேல் வைத்து, எத்தனை பேர் என்று ஆளாளுக்கு எண்ணிச் சொல்லச் சொன்னேன். என்னைத் தோற்கடித்த கேள்வியைத் திருடிக்கொண்டேன், வேறொன்றுமில்லை. ஓவர்சியர் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு என்றார். அடுத்தவரும் இரண்டு. அதற்கடுத்தவர் காற்றாலையை ஆளென்று நினைத்து எண்ணிவிட்டுப் பின்வாங்கினார். கமிட்டியில் ஒருவராவது மூன்று என்று சொல்லமாட்டாரா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, வியாபாரி தன் பையைப் பார்த்தபடியே சொன்னார்:

“மூணு. மரத்தாண்ட ஒருத்தரு நிக்கிறாரு.”

ஓவர்சியர் மெதுவாகத் திரும்பினார். “ஒனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே தெரியும். எம்மாவு அது. அடிக்கடி வரும்.”

“வேதாகமப் படம் வாணாம்னு தீர்மானம் போட்டு ஒங்கிட்டதான படிச்சிக் காட்டுனோம்? அப்ப வாயத் தொறக்கல?”

“படிச்சவரு வந்து பாத்து எழுதிக் குடுத்திருக்காரு. கடக்காரன் நானு, நடுவுல பூந்து என்னா சொல்ல முடியும்?” என்றார் வியாபாரி. அதில் கிண்டலே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. எட்டுப் பேர் இருந்த அறையில் படத்தைச் சரியாகப் பார்த்திருந்தவர் அதை வெட்ட வந்த மனிதர். விற்கிறவன் சரக்கைப் பார்க்கிற அளவுக்குப் பட்டியல் போடுகிறவன் பார்ப்பதில்லை. இதை எங்கேயாவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு நான் வைத்திருந்த அதிகாரங்களுக்கு வேலையே வரவில்லை. ஓவர்சியருக்கு இப்போது என்மேல் இருந்த சந்தேகமெல்லாம் இடம் மாறி வியாபாரிமேல் உட்கார்ந்துவிட்டது. பதினாறை உடனே ஒப்புக்கொண்டார். ‘மாட்ட மாடுன்னு சொன்னாரில்ல, இந்த ஆளு சொல்லலாம்’ என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பத்து வருஷ ஊதிய உயர்வு எதுவும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை. ஓவர்சியர் அதோடு நிற்கவில்லை. மிச்ச ஆறையும் காட்டி, “இதுல ஒனக்கு மட்டும் தெரிஞ்சது இன்னும் என்னா இருக்குது?” என்று வியாபாரியைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அவர். சத்தியமாக என்றார். சத்தியம் செய்தது சந்தேகத்தை ஜாஸ்தியாக்கியது. இருபது நிமிஷத்தில் கமிட்டி முடிவெடுத்தது: ஆல்பம் பீரோவுக்கே போகும், முழுசாக. கூரையை அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலம் விட்டுப் போட்டார்களென்று பிறகு கேள்விப்பட்டேன்.

வியாபாரி கோபப்படாமல் எல்லாருக்கும் கைகூப்பிவிட்டுப் போனார். டீச்சர் ஆல்பத்தைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். “நேத்து நான் கேட்டத மனசுல வெச்சிக்காதீங்க சார்” என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். தலையாட்டும்போதே இந்தக் கட்டுரையை ஒருநாள் எழுதவேண்டுமென்று தோன்றிவிட்டது. தெரிந்ததைத் தெரியுமென்றும் இல்லாததை இல்லையென்றும் சொன்ன ஒரு மனிதன், அவனால் காப்பாற்றப்பட்ட முப்பத்தொரு படங்கள். முடிவு இவ்வளவு அழகாக எனக்கு அமைந்ததே இல்லை.

அப்போதுதான் ஆயர் இரண்டு டம்ளர் டீயோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். ஊர், பிள்ளைகள் என்று விசாரித்தார். பிறகு, ஓவர்சியர் தூக்கிப் பிடித்த அந்த மாட்டுப் படம் தனக்கு நேராக இருந்ததால் நன்றாகத் தெரிந்தது என்றார். வேலி ஓரமாக ஒருவன் கல்லில் தலை வைத்துத் தூங்குகிறானே, கவனித்தீர்களா என்று கேட்டார்.

மாடு மேய்ப்பவன் என்றேன், முந்தின நாள் அப்படித்தான் விட்டிருந்தேன்.

இருக்கலாம் என்றார். அண்ணனுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிய யாக்கோபு வழியில் இருட்டிப்போய், ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த கதையைச் சொன்னார். அன்றைக்குத்தான் பூமிக்கும் வானத்துக்குமாக ஓர் ஏணி நிற்பதையும், தேவதூதர்கள் அதில் ஏறி இறங்குவதையும் அவர் சொப்பனத்தில் கண்டாராம்.

டம்ளரைக் கீழே வைத்தேன். அவ்வளவு பெரிய ஏணி படத்தில் இருந்திருந்தால் நான் பார்த்திருக்கமாட்டேனா என்று கேட்டேன். ஏணி எங்கே இருக்கிறது?

“அது அவரு சொப்பனத்துல இருக்குது சார்” என்றார் ஆயர், டம்ளரை ஊதிக்கொண்டே. “நாம வேலிக்கி இந்தாண்ட நிக்கிறோம். நமக்கு மாடுதான் தெரியும்.”